முதலில் கண்டவர்

ஒவ்வொரு அட்டையை வாசித்து முடித்ததும் விக்னராஜா கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைப்பார். அதில் அழுக்கிருக்காது. அடுத்த அட்டையில் எவன் மாட்டப்போகிறானோ என்று ஒரு சின்ன ஆயத்தம், அவ்வளவுதான்.

எதிரே சாய்வு நாற்காலியில் வீட்டுக்கார அம்மா, சிஞ்ஞோரா. இத்தாலியில், இதே பலெர்மோ நகரில் சரித்திரம் படிப்பித்து ஓய்வுபெற்றவர். வயது எண்பத்திரண்டு, பார்வை அநேகமாகப் போய்விட்டது. இங்கிலாந்தின் பழைய அரசர்கள் தங்கள் காடுகளை எப்படிக் காத்தார்கள், மான் கொன்றவனை எப்படி விசாரித்தார்கள் என்று நாற்பது வருடமாக எழுதிச் சேர்த்த அட்டைகள் இருபத்தாறு பெட்டி இருக்கின்றன. விக்னராஜாவுக்குச் சமைக்கவும் மருந்து கொடுக்கவும்தான் சம்பளம். வாசிப்பு தானாக வந்து ஒட்டிக்கொண்டது.

யாழ்ப்பாணத்துச் சுழிபுரத்திலிருந்து வந்த அவருக்கு இப்போது எண்ணூறு வருடத்துக்கு முந்திய காட்டுச் சட்டம் தண்ணீர்பட்ட பாடு. பட்ட விறகு பொறுக்கலாம், பச்சை மரத்தில் கைவைத்தால் தண்டம். காட்டோரத்துப் பெரிய நாய்க்கு முன்காலில் மூன்று நகம் வெட்டவேண்டும், மானைத் துரத்தாமலிருக்க. நகரின் சீசாப் பகுதியில் முடிவெட்டப் போனால், "நீதவான் வந்திட்டார்" என்று நம்மவர்கள் எழுந்து இடம் கொடுப்பார்கள். கேலிதான். அவருக்கு அதுவும் பிடிக்கும்.

அவருக்குப் பொறுக்காத சட்டம் ஒன்றுண்டு. காட்டில் செத்த மானை முதலில் கண்டவரின் பெயர் பதிவாகும். பக்கத்து நாலு ஊரைக் கூட்டி விசாரிப்பார்கள். அரசரின் நீதிபதிகள் வருவதற்குச் சிலவேளை பத்து வருடமும் ஆகும். அதுவரை கண்டவர் பிணைக்கு ஆள் காட்டி, கூப்பிட்ட நாளில் வந்து நிற்கவேண்டும். செத்த மான் அட்டை வந்தாலே சிஞ்ஞோரா, "முதலில் கண்டது யார்?" என்று கேட்பார். விக்னராஜா பெயரைத் தேடி வாசித்துவிட்டு ஒரு பெருமூச்சு விடுவார்.

"எய்தவன் போயிட்டான், கண்டவன் மாட்டிக்கொண்டான்," என்று வீட்டில் இந்திராதேவியிடம் சொல்வார். "கண்டும் காணாத மாதிரிப் போனவன்தான் கெட்டிக்காரன்."

"உங்கடை காட்டை அங்கையே விட்டிட்டு வந்து சாப்பிடுங்கோ," என்பார் மனைவி.

அந்தக் கெட்டிக்காரன் அவரேதான். பெர்மேசோ என்ற வதிவிட அனுமதி இல்லாத முதல் வருடம், ஸ்ஃபெர்ராகவால்லோ உணவகமொன்றில் கோப்பை கழுவப் போகும் வழியில், தெருவோரம் ஒருவன் தலையில் இரத்தத்தோடு கிடந்தான். விக்னராஜா மறுபக்கம் மாறிப் போய்விட்டார். அவன் பிழைத்தானா என்று இன்றுவரை தெரியாது. வெட்கத்தில் மனைவிக்குக்கூடச் சொன்னதில்லை. அதன் பிறகு தெருவில் எது நடந்தாலும், "நான் ஒண்டையும் காணேல்லை" என்பதுதான் அவர் பேச்சு. இப்போது குடியுரிமைக்கு விண்ணப்பித்து மூன்று வருடமாகிறது. பொலிஸ் கடதாசி எதிலும் பெயர் ஏறினால் கோப்பு அப்படியே படுத்துவிடும் என்று உறுதியாக நம்புகிறார்.

இத்தனைக்கும், சிஞ்ஞோராவைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போகும்போது அவர் கண்ணுக்கு ஒன்றும் தப்பாது. கண்டதையெல்லாம் வரிசையாகச் சொல்வார். பார்வையற்றவருக்கு அதுதான் உலா.

போன செவ்வாய்க்கிழமை காலை, சீசாக் கோட்டைக்கு முன்னால், சியாகுல்லித் தோட்டத்து மண்டரின் தோடம்பழம் விற்கும் முதியவரை வெள்ளைக் கார் ஒன்று இடித்துத் தள்ளிவிட்டு நிற்காமல் போனது. விக்னராஜா பேச்சைப் பாதியில் நிறுத்தினார். என்ன சத்தம் என்று சிஞ்ஞோரா கேட்டதற்கு, ஏதோ பெட்டி விழுந்துவிட்டது என்றார். நாற்காலியைத் திருப்பப் பார்த்தார். உருண்டு வந்த பழங்கள் சக்கரத்தை விடவில்லை.

அதற்குள் சனம் கூடிவிட்டது. முனகிக்கொண்டிருந்த முதியவரை அம்புலன்ஸ் ஏற்றிச் சென்றது. யார் கண்டது என்று பொலிஸ்காரர் சுற்றிவரக் கேட்டார். எல்லாரும் சத்தம் கேட்டுத்தான் வந்தவர்கள். காரின் இலக்கம் விக்னராஜாவின் நாக்கில் பிசகாமல் நின்றது. நான் இதைச் சொன்னால் மூன்று வருடமும் போச்சு என்று அவர் மனம் அடித்துக்கொண்டது.

பொலிஸ்காரர் கொப்பியை மூடினார்.

சிஞ்ஞோரா திரும்பாமலே, மெல்லக் கேட்டார். "விக்னா, முதலில் கண்டது யார்?"

விக்னராஜா கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். திரும்ப மாட்டிக்கொண்டு, வலது கையை உயர்த்தினார்.