சுவாமியாரின் ஊர்க்காரர்

"இப்ப வில்லறேயில மாடெல்லாம் மலைக்கு ஏறியிருக்கும்" என்று சொல்லிக்கொண்டே குருசுமுத்து கன்ரீன் யன்னலில் படிந்த ஆவியைச் சட்டைக்கையால் துடைக்கிறார். அவரை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. டென்மார்க்கின் ஹோர்சன்ஸ் இறைச்சித் தொழிற்சாலையில் அது காலைத் தேநீர் நேரம். மேசையைச் சுற்றியிருக்கும் நம்மவர்கள் யாருக்கு விசா கிடைத்தது, யாருடைய தம்பி பேர்ளினில் நிற்கிறான் என்று கதைத்துக்கொண்டிருப்பார்கள். அதற்கு நடுவில் இவர் ஒரு மந்தையை ஓட்டிக்கொண்டு வந்துவிடுவார்.

"அண்ணை, மன்னாரில நீங்கள் விட்டிட்டு வந்த கோழி உயிரோட இருக்கோ எண்டு உங்களுக்குத் தெரியாது. பிரான்சில ஆரோ ஒருத்தரின்ர மாடு மலையில ஏறினது மட்டும் தெரியுமாக்கும்" என்பான் அந்தோனிதாசன். அவருடன் ஒரே அறையில் இருப்பவன், முப்பது வயது, வாய் சும்மா இராது.

"ஆற்றையோ மாடில்லையடா தம்பி. எங்கட சுவாமியின்ர ஊர் மாடு."

சும்மா சொல்லக் கூடாது, குருசுமுத்து பிரான்ஸ் நாட்டைக் கண்ணால் கண்டதில்லை. அவர் கண்ட உலகம் மன்னார், கொழும்பு, கிழக்கு பேர்ளின் விமான நிலையத்தின் ஒரு மரவாங்கு, அதற்குப் பிறகு டென்மார்க். ஆனால் சவோய் மலைச்சரிவில் இருக்கும் வில்லறே என்ற அந்தச் சின்னஞ்சிறு ஊரில் தண்ணீர்த்தொட்டி எந்தப் பக்கம், அதில் பெண்கள் உடுப்புத் துவைக்கும் பாதி எது, மாடு தண்ணீர் குடிக்கும் பாதி எது என்று கேளுங்கள். கேட்டால் பிறகு உங்களுக்கு அன்றைக்கு வேறு வேலை நடக்காது.

எல்லாம் அகுஸ்தீன் சுவாமி கொடுத்த சொத்து. சுவாமி வாலிபத்தில் வில்லறேயிலிருந்து பாதிரியாராகக் கப்பலேறி மன்னாருக்கு வந்தவர், கிழவராகி அந்த மணலிலேயே அடக்கமானவர். குருசுமுத்து மீசை முளைத்த காலத்தில் அவரிடம் வேலைக்குச் சேர்ந்தார். கோயில் மணி அடித்தார், பீடத்துக்கு மெழுகுதிரி ஏற்றினார், சுவாமிக்குச் சமைத்துப் போட்டார். மனைவி போய்ச் சேர்ந்து கனகாலம், பிள்ளைகளும் இல்லை. ஆகவே சுவாமியின் கதைகளைக் கேட்க அவருக்கு நேரம் இருந்தது. கேட்டுக் கேட்டு அந்த ஊர் அவருக்குள்ளே குடிவந்துவிட்டது.

ஆள் கட்டை, காது பெரிது. சுவாமியைப் போலவே இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நடப்பார். டென்மார்க்கின் தட்டையான நிலத்தை அவரால் மன்னிக்கவே முடிவதில்லை. "இதென்ன நாடு, மேசை மாதிரி?" என்பார். டெனிஸ்காரர்கள் பெரிய மலை என்று பெருமைப்படும் ஒரு மேடு ஹோர்சன்சிலிருந்து சைக்கிளில் போகும் தூரத்தில் இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அதற்கு மிதித்துப் போனார். உச்சியில் நின்றுகொண்டு, வந்திருந்த ஒரு டெனிஸ் குடும்பத்திடம் "மலை எங்கே?" என்று கேட்டார். அவர்கள் அவருடைய காலடியைக் காட்டினார்கள்.

கடையில் வாங்கும் பாணைக்கூடச் சும்மா சாப்பிட மாட்டார். கத்தி நுனியால் அதன் தோலில் இரண்டு கோடு இழுத்து, நடுவில் ஒரு புள்ளி குத்துவார். வில்லறேயில் பாண் சுட ஊருக்கே ஒரு போறணை அடுப்புதான். முறை வைத்து மூட்டுவார்கள். எந்தப் பாண் எந்த வீட்டுக்கு என்று தெரிய ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் அடையாளம், சுவாமியின் வீட்டுக்கு இது. அப்படிச் சுட்ட பாணை மாதக்கணக்கில் வைத்திருந்து, கோடரியால் கொத்திச் சூப்பில் ஊறப்போட்டுத் தின்பார்களாம். "இந்தப் பாண் கடையில நீங்கள் காசு குடுத்து வாங்கினது, அடையாளம் ஏன்?" என்று அந்தோனிதாசன் கேட்டான். "அடையாளம் இல்லாட்டில் ஆற்றையெண்டு எப்பிடித் தெரியும்?" என்றார். அறையில் இருந்ததே இரண்டு பேர்.

முதல் பனி கொட்டிய அன்று அவர் சொன்ன கதைதான் மோசம். மலையூரில் பனிக்காலத்தில் ஆள் செத்தால் நிலம் இரும்பாய் இறுகிப்போயிருக்கும், கிடங்கு வெட்ட ஏலாது. ஆகவே பிரேதத்தைத் துணியில் சுற்றிக் கூரைமேல் பனியில் வைத்துவிட்டு, சித்திரை பிறந்து மண் இளகிய பிறகுதான் அடக்குவார்களாம். இதை அவர் பக்தியோடுதான் சொன்னார். அந்தோனிதாசன் அந்த மாரி முழுக்க மேல்மாடியில் யாராவது நடந்தால் எழுந்து உட்கார்ந்தான்.

டென்மார்க்குக்கு வந்த புதிதில் அகதி விசாரணையில் "ஐரோப்பாவில் உங்களுக்குச் சொந்தக்காரர் யாராவது உண்டா?" என்று கேட்டிருக்கிறார்கள். வேறு எவனாக இருந்தாலும் 'இல்லை' என்று சொல்லிவிட்டு வெளியே வருவான். இவர் "ஓம், பிரான்சில ஒரு தங்கச்சி" என்றிருக்கிறார். சுவாமியின் தங்கை இவருக்கும் தங்கை இல்லாமல் வேறு யார்? அந்தத் தங்கையைத் தேடி, அவள் யாரென்று தெளிந்து, இவருடைய வழக்கு முடிய மாதங்கள் இழுபட்டன. அவருக்கு அதில் துளியும் வருத்தம் இல்லை.

விசா கிடைத்தது. இந்த எண்பத்தாறாம் ஆண்டு வைகாசியில் பயணப் புத்தகமும் கைக்கு வந்தது. ஆடியில் தொழிற்சாலைக்குக் கோடை லீவு. மற்றவர்கள் லண்டனுக்கும் பாரிசுக்கும் போக ஆயத்தப்படுத்தினார்கள். குருசுமுத்துவுக்கு ஒரே ஓர் ஆசை. "ஒருக்கா அந்த ஊரில கால் வைக்க வேணும். சுவாமி பிறந்த வீட்டுக்குள்ள போய்க் கொஞ்ச நேரம் நிக்க வேணும். அதுக்குப் பிறகு எனக்கு என்ன நடந்தாலும் காரியமில்லை." இதைச் சொல்லும்போது அவர் குரல் இறங்கிவிடும். அந்தோனிதாசனும் அந்த ஒரு பேச்சை மட்டும் பகிடி பண்ணுவதில்லை.

ஹோர்சன்ஸ் கோயிலில் சிஸ்டர் மதலேன் என்று ஒரு வயதான பிரெஞ்சுக் கன்னியாஸ்திரி இருக்கிறார். அவரும் சவோய்ப் பக்கத்தவர். ஆனி மாதம் ஒரு சனிக்கிழமை, கோயில் கந்தோரில் இருந்து வில்லறே ஊர்ச்சபைக்கு அவர்தான் தொலைபேசி எடுத்துக் கொடுத்தார். குருசுமுத்துவுக்குத் தெரிந்தது சமையலறைப் பிரெஞ்சு. உப்பு, நெருப்பு, கெதியாய், இவ்வளவுதான். டெனிஸ் அதைவிடக் குறைவு. ஆகவே சிஸ்டர் பிரெஞ்சில் கேட்டதை டெனிசில் சொல்ல, மொழி வகுப்புக்குப் போகும் அந்தோனிதாசன் அதைத் தமிழில் சொல்வதென்று ஏற்பாடு.

ஊர்ச்சபையில் சொன்னது இது. வில்லறேயில் மாரியில் இப்போது ஓரிரு வீட்டில்தான் புகை வருகிறது. மற்ற வீடுகளைப் பட்டணத்துக்காரர் கோடைக்கென்று வாங்கிவிட்டார்கள். போறணையைப் புதுக்கி, பழைய மரபுச் சின்னம் என்று பலகை நட்டிருக்கிறார்கள், ஆவணியில் ஒருநாள் மூட்டிச் சுற்றுலாக்காரருக்குப் பாண் சுட்டுக் கொடுப்பார்களாம். அந்தோனிதாசன் இதைப் பயந்து பயந்துதான் சொன்னான்.

"பரவாயில்லை. போறணை நிக்குதுதானே" என்றார் குருசுமுத்து.

சுவாமியின் வீடு பூட்டிக் கிடக்கிறது. திறப்பு தங்கை ஜெர்மேன் பெல்லேயிடம் இருக்கிறது. அவர் இப்போது பள்ளத்தாக்கில் ஒரு முதியோர் இல்லத்தில். சிஸ்டர் உடனே அந்த இல்லத்துக்கு எடுத்தார். நெடுநேரத்துக்குப் பிறகு ஒரு கிழட்டுக் குரல் வந்தது. சிஸ்டர் பேசினார். பிறகு பேச்சை நிறுத்திக் கேட்டுக்கொண்டே இருந்தார். முகம் சுருங்கிவிட்டது.

"வர வேண்டாமாம் அண்ணை" என்றான் அந்தோனிதாசன்.

"ஏனாம்?"

"தமையன் பத்து வருசத்தில வாறன் எண்டு சொல்லிப்போட்டுப் போனவராம். தாய் சாகேக்கையும் வரேல்லையாம். வருசத்துக்கு ஒரு கடுதாசி, அதிலயும் சுகம், செபியுங்கோ, அவ்வளவுதானாம். எங்களை மறந்த மனிசன் இருந்த ஊரிலயிருந்து ஒருத்தரும் என்ர வீட்டுப் படி மிதிக்கத் தேவையில்லை எண்டு சொல்றா."

மறந்த மனிதனா? மேற்றிராணியார், அதுதான் ஆயர், சுவாமிக்கு இரண்டு தரம் ஊருக்குப் போக உத்தரவு கொடுத்தார். இரண்டு தரமும் பெட்டியைக் கட்டியது குருசுமுத்துவின் கைதான். இரண்டு தரமும் விடிய எழும்பிப் பார்த்தால் சுவாமி பெட்டியை அவிழ்த்து உடுப்புகளைக் கொடியில் போட்டிருப்பார். "போனா வரமாட்டன் குருசு. எனக்கு என்னைத் தெரியும்" என்று இரண்டாம் தரம் சொன்னார். மன்னார்ச் சனம் 'எங்களுக்காகத் தன்ர நாட்டையே மறந்த சுவாமி' என்று அடக்கத்தன்று ஒப்பாரி வைத்தது. அந்தச் சனத்திடம் இதை எப்படிச் சொல்வது? அவர் சொல்லவில்லை.

இப்போது அந்தோனிதாசனிடம் சொன்னார். அவன் தலையைச் சொறிந்தான். "இதை நான் டெனிசில எப்பிடியண்ணை சொல்றது? 'அவர் மறக்கேல்லை' எண்டு மட்டும் சொல்லட்டோ?"

"அது ஆரும் சொல்லலாம்" என்று குருசுமுத்து கையை நீட்டினார். சிஸ்டர் திகைத்துப்போய் ரிசீவரைக் கொடுத்தார்.

நாளாந்தம் செபமாலை முடிந்ததும் சுவாமி சாய்மனைக் கதிரையில் கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு மாலை சொல்வார். தண்ணீர்த்தொட்டியில் தொடங்கி மேலே ஏறும் பாதையில், இந்தப் பக்கம் ஒரு வீடு, அந்தப் பக்கம் ஒரு வீடு என்று ஊர் முழுவதையும் பெயர் சொல்லி நடப்பார். விளக்குத் திரியைக் குறைத்துவிட்டுக் குருசுமுத்து வாசலில் நின்று கேட்பார். பரலோக மந்திரம் எப்படி மனப்பாடமானதோ அப்படித்தான் இதுவும்.

"பெர்தியே" என்றார் குருசுமுத்து தொலைபேசியில். "மோலார். வியார். பறல்."

அந்தப் பெயர்களை அவர் சுவாமியின் நாக்கால் சொன்னார். இழுக்கும் இடத்தில் இழுத்தார், விழுங்கும் இடத்தில் விழுங்கினார். தன் தகப்பனும் இப்படித்தான் கதைப்பார் என்று சொல்லிவிட்டு சிஸ்டர் மதலேன் மெல்ல உட்கார்ந்துவிட்டார்.

"கோத்தாஸ். தூக்ரே."

மறுமுனையில் கிழவி வைத்துவிட்டாளோ என்று அந்தோனிதாசன் சைகையால் கேட்டான். குருசுமுத்து நிற்கவில்லை, போறணையைத் தாண்டினார், கோயிலைத் தாண்டினார். பிறகு ஓர் இருமல் கேட்டது. அடுத்த பெயரை அவர் சொல்லும்போது அந்தக் கிழட்டுக் குரலும் கூடச் சொல்லியது. அதற்கடுத்ததை அவருக்கு முந்திச் சொல்லியது. குரல் உடைந்தது, மூக்கை உறிஞ்சியது, மறுபடி சேர்ந்துகொண்டது. இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்து மேட்டில் ஏறினார்கள்.

கடைசியில் ஒரு வீடு மிச்சம். சுவாமி ஒருநாளும் தன் வீட்டுப் பெயரைச் சொன்னதில்லை. அந்த இடம் வந்ததும் கதிரையை விட்டு எழும்பிப் படுக்கப் போய்விடுவார். குருசுமுத்துவும் நிறுத்தினார்.

"பெல்லே" என்றாள் கிழவி.

குருசுமுத்து ரிசீவரைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு குனிந்து, சப்பாத்து நூலை அவிழ்த்து, இரண்டு சப்பாத்தையும் கழற்றிச் சுவரோரமாகச் சேர்த்து வைத்தார்.