என் ஓட்டும் அண்ணனின் எலுமிச்சம்பழமும்

என் ஓட்டுக்கு அந்தத் தேர்தலில் வந்த கிராக்கி, கல்யாண வயதில் எனக்கே வந்ததில்லை. வீட்டில் கணவர் ஒரு கட்சி. நாலு தெரு தள்ளி இருக்கும் அண்ணன் அதற்கு நேர் எதிர்க் கட்சி. இருவரும் எங்கள் பூத்தில் ஏஜென்ட்டுகள். நடுவில் நான், ஒற்றை ஓட்டோடு.

காமயகவுண்டன்பட்டியில் தேர்தல் புதிதல்ல. தோற்றவர் ஜெயித்தவர் கையால் ஒரு டீ வாங்கிக் குடித்துவிட்டு மறுநாள் திராட்சைப் பந்தலுக்குள் நுழைந்துவிடுவார். இந்த நாடாளுமன்றத் தேர்தல்தான் வேறு மாதிரி வந்தது. யார் நாட்டுக்கு வேண்டியவர், யார் வேண்டாதவர் என்று டெல்லியில் ஆரம்பித்த பேச்சு, செல்போன் வழியாக எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்குள் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது. அதுவரை காலை வணக்கமும் பிறந்தநாள் கேக்கும் மட்டுமே வந்துகொண்டிருந்த குழு அது. அண்ணன் ஒரு வீடியோ போட்டார். கணவர் அதற்குப் பதில் வீடியோ போட்டார். அண்ணன் "படிச்சவுக பேசுற பேச்சா இது" என்று எழுதினார். கணவர் "படிக்காதவுகளுக்கு இது புரியாது" என்று எழுதினார். அடுத்த நிமிடம் அண்ணன் குழுவிலிருந்து வெளியேறிவிட்டார் என்று போன் சொன்னது.

அண்ணன் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். நிறுத்தியது என்னைப் படிக்க வைப்பதற்காக. இது கணவருக்கும் தெரியும். எழுதி அனுப்பிய பிறகு அவர் போனைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். அழித்திருக்கலாம். அழிக்கவில்லை. ஆண்பிள்ளை வீம்பு.

இதெல்லாம் நடந்தது மகளுக்குக் காது குத்த நாள் குறித்த பிறகு. ஓட்டு முடிந்த பத்தாம் நாள், கோம்பைப் பக்கம் இருக்கும் கணவர் வீட்டுக் குலசாமி கோயிலில் மொட்டையும் காது குத்தும். தாய்மாமன் மடியில் வைத்துத்தான் காது குத்த வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். எனக்கு அப்பா அம்மா இல்லை. பிறந்த வீடு என்று நான் சொல்லிக்கொள்வது அந்த ஒரு மடியைத்தான். அது இல்லாமல் என் பிள்ளைக்குக் காது குத்துவதை என்னால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

நேரே அண்ணனிடம் போனேன். மதினி காபி போட்டுக் கொடுத்தாள். அண்ணன் காபியையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை.

"வர்றேன். ஆனா நீ எங்க சின்னத்துக்குத்தான் போடுவேன்னு பிள்ள தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணு. அப்பத்தான் எனக்கு அந்த வீட்ல ஒரு ஆளு இருக்குன்னு நம்பி வருவேன்."

"ஓட்டுக்கும் காதுக்கும் என்னண்ணே சம்பந்தம்?"

"இருக்கு" என்றார். என்ன என்று அவருக்கே தெரியவில்லை.

வீட்டுக்கு வந்தால் இவர் அதற்கு மேல். "நீ எங்களுக்குப் போடு. நானே போயி மச்சானக் கையப் புடிச்சுக் கூட்டியாறேன். இல்லாட்டி எங்க பெரியப்பா மகன் மடியில வச்சுக் குத்திருவோம், ஒண்ணும் கொறஞ்சு போயிராது."

எனக்கு வந்த கோபத்துக்கு அன்றைக்குச் சாம்பாரில் உப்பே போடவில்லை. அவரும் கேட்காமல் சாப்பிட்டுவிட்டு எழுந்தார். ஒரு மனுஷிக்கு அரசாங்கம் கொடுத்தது ஒரே ஒரு ஓட்டு. அதையும் பிள்ளையின் காதில் கட்டித் தொங்கவிட்டால் எப்படி? யாருக்கும் சத்தியம் செய்யப் போவதில்லை என்று அன்றே முடிவு செய்துவிட்டேன். யாருக்கு ஓட்டு என்பதைத்தான் முடிவு செய்ய முடியவில்லை.

உண்மையைச் சொன்னால் எனக்கு இரண்டு பேரையுமே பிடிக்கவில்லை. கணவரின் வேட்பாளர் திறந்த ஜீப்பில் வந்தார். எங்கள் தெருவில் நின்று பேசிய இருபது நிமிடமும் எதிராளியைத் திட்டினார். அண்ணனின் வேட்பாளர் மறுநாள் வந்து, அதே இடத்தில், அதே வெயிலில், இவரைத் திட்டினார். இரண்டு பேரும் கும்பிட்டார்கள். இரண்டு பேரும் என் மகளைத் தூக்கிக் கொஞ்சினார்கள். அவள் இரண்டு பேர் தோளிலும் பாரபட்சம் பார்க்காமல் எச்சில் ஒழுகவிட்டாள். எங்கள் வீட்டில் தெளிவாக அரசியல் பேசியது அவள் ஒருத்திதான்.

மூன்றாவதாக ஒருவர் இருந்தார். எங்கள் பூத்தில் ஏஜென்ட் போடக்கூட அவருக்கு ஆள் கிடைக்கவில்லை. நாங்கள் மருந்தடித்து இரண்டு நாள்கூட ஆகாத பந்தலுக்குள் நுழைந்து, கழுவாமல் ஒரு கொத்துத் திராட்சையை வாயில் போட்டுக்கொண்டார். துப்புங்க துப்புங்க என்று நாங்கள் கத்துவதற்குள் விழுங்கிவிட்டார். பிறகு, ஜெயித்தால் திராட்சைக்குக் குளிர்பதனக் கிடங்கு கட்டித் தருவேன் என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஒவ்வொருவராக வந்து கட்டிக்கொண்டிருக்கிற கிடங்கு அது.

நோட்டா இருக்கிறதே என்று தோழி ஒருத்தி சொன்னாள். கடைக்குப் போய், எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்து, ஒன்றும் வேண்டாம் என்று திரும்பி வருகிற பழக்கம் எனக்கில்லை. சுமாரான சேலையாவது ஒன்றை எடுத்துக்கொண்டு, அதைக் குறை சொல்லியே கட்டிக் கிழிப்பேன்.

அந்த வருடம் அறுப்பும் ஓட்டும் ஒரே நாளில் வந்து விழுந்தன. முதல் நாள் சாயங்காலம் மலைப் பக்கம் இருட்டிக்கொண்டு நின்றது. மழை விழுந்தால் பழம் வெடித்துவிடும். அதனால் விடிந்ததும் வெட்டிவிட்டு வெயில் ஏறுவதற்குள் ஓட்டுப் போடலாம் என்று பெண்கள் நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் பந்தலுக்குப் போய்விட்டோம். குனிந்து, நிமிர்ந்து, பாட்டும் கேலியுமாக வேலை ஓடியது. பன்னீர்த் திராட்சை வெட்டுவதற்கு ஒரு கை வரிசை உண்டு. இடது கையில் குலை, வலது கையில் கத்தரி. வெட்டிய குலையைத் திருப்பிப் பார்த்து, வெடித்ததையும் அழுகியதையும் இடது ஆள்காட்டி விரல் நகத்தால் நெம்பித் தள்ள வேண்டும். கொஞ்ச நேரத்தில் அந்த நகமும் நகக்கண்ணும் கருநீலமாகிவிடும். சோப்புக்கெல்லாம் அசையாது. நாங்கள் அதைக் கறை என்று நினைப்பதுகூட இல்லை.

வேலை முடிந்து, முகம் கழுவி, பூ வைத்துக்கொண்டு, நேரே பள்ளிக்கூடத்துக்குப் போய் வரிசையில் நின்றோம். உள்ளே ஒண்ணாம் வகுப்புப் பிள்ளைகளின் குட்டைப் பெஞ்சில் ஒரு முனையில் கணவர், மறு முனையில் அண்ணன். அந்தப் பெஞ்சு சரியில்லை. ஒருவர் எழுந்தால் மற்றவர் சரிந்து கீழே விழுவார். எழுந்திரிக்கிறேன் என்று சொல்லிவிட்டு எழலாம். பேச்சுவார்த்தைதான் இல்லையே. அதனால் காலையிலிருந்து இரண்டு பேரும் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள் என்று முன்னால் போட்டுவிட்டு வந்தவர்கள் சொல்லிச் சிரித்தார்கள்.

மை வைப்பவர் ஆண்டிபட்டிப் பக்கத்திலிருந்து வந்த டீச்சர். என் இடது கையை வாங்கிப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"ஏம்மா, ஏற்கெனவே ஓட்டுப் போட்டுட்டீகளா?"

"இல்லையே டீச்சர்."

"வெரல்ல மை இருக்கே."

எனக்கு முதலில் விளங்கவில்லை. என் விரலைப் பார்த்த பிறகுதான் விளங்கியது. டீச்சர் எனக்குப் பின்னால் நின்றவள் கையை நீட்டச் சொன்னார். அதே கருநீலம். அதற்குப் பின்னால் நின்றவளுக்கும் அதே. டீச்சர் எழுந்து வரிசை முழுவதையும் பார்த்தார். ஒரு வரிசையே கள்ள ஓட்டுப் போட வந்து, அதுவும் பூ வைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டு நிற்கிறது என்று நினைத்துவிட்டார், பாவம். தலைமை அதிகாரி ஓடி வந்தார். "மை இருந்தா விட முடியாதும்மா, ஓரமா நில்லுங்க" என்றார்.

அப்போதுதான் எனக்கு அந்த ஓட்டின் மேல் ஆசை வந்தது. அதுவரை யாருக்குப் போடுவது என்று சலித்துக்கொண்டிருந்தவள், இல்லை என்றதும் கண் கலங்க நின்றேன்.

பெஞ்சிலிருந்து இரண்டு பேரும் ஒரே நொடியில் எழுந்தார்கள். அதனால் யாரும் விழவில்லை.

"சார், அது திராட்சக் கறை சார், இங்கன எல்லாப் பொம்பளைகளுக்கும் இருக்கும்" என்றார் கணவர்.

அண்ணன் அதிகாரிக்கு முன்னால் போய் நின்றார். "இது என் தங்கச்சி. பொய் சொல்லாது. வேணும்னா நான் சத்தியம் பண்றேன்."

என்னிடம் சத்தியம் கேட்ட மனுஷன், எனக்காகச் சத்தியம் செய்ய நெஞ்சில் கை வைத்தார். வைத்த இடத்தில் சட்டைப் பை புடைத்துக்கொண்டிருந்தது. அதில் ஒரு எலுமிச்சம்பழம். கட்சி ஜெயிக்க வேண்டும் என்று கோயிலில் மந்திரித்து வாங்கியது. ஓட்டுப் பதிவு முடியும்வரை பையை விட்டு எடுக்கக் கூடாது என்று பூசாரி சொல்லியிருந்தாராம். இதை மதினி எனக்கு முன்பே சொல்லியிருந்தாள்.

"எலுமிச்சம்பழம் தேச்சா திராட்சக் கறை போயிரும் சார். மை போகாது. இப்பப் பாருங்க" என்று சொல்லி, அண்ணன் அதை வெளியே எடுத்தார். ஒரு நொடி பார்த்தார். பிறகு வாயில் வைத்து நறுக்கென்று கடித்துப் பிளந்து, சாறு சொட்டச் சொட்ட என் விரலில் தேய்த்தார். சின்ன வயதில் என் தலைக்கு எண்ணெய் தேய்த்த அதே முரட்டுத் தேய்ப்பு. ஊதா ரோஸாகி, ரோஸ் சாறோடு வழிந்து ஓடியது. டீச்சர் என் விரலை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்துவிட்டார். "எங்க ஊர்ல திராட்ச ஏதுங்க, எனக்கென்ன தெரியும்" என்றார். மிச்ச எலுமிச்சம்பழம் பின்னால் நின்றவர்களுக்குக் கை மாறிப் போனது. போதாமல் கணவர் ஜன்னல் வழியே "ஏலே, நாலு எலுமிச்சம்பழம் கொண்டாங்கடா" என்று கத்தினார். அதிகாரி அவரை உட்காரச் சொன்னார். உட்காரப் பயந்து நின்றுகொண்டே இருந்தார், பெஞ்சில் எதிர் முனை காலி.

புளிப்பு வாசனை வீசும் விரலில் புது மையோடு மிஷின் முன்னால் நின்றேன். அட்டை மறைப்புக்குள் நான் மட்டும். அண்ணனின் சின்னத்தைப் பார்த்தேன். கடித்த பழம் ஞாபகம் வந்தது. கணவரின் சின்னத்தைப் பார்த்தேன். ஜன்னல் கத்தல் ஞாபகம் வந்தது. இரண்டு பேர் மேலும் பிரியம் பொங்கியது. ஆனால் மிஷினில் இருப்பது அவர்கள் இல்லையே. அவர்களைப் பிரித்துவைத்த இரண்டு பேர்தான். கீழே, அந்த மூன்றாவது ஆள். அவர் சொன்னதும் பொய்தான். ஆனால் மற்ற இருவரும் ஒருவரைப் பற்றி ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தபோது, அவர் சொன்ன பொய்யாவது எங்கள் திராட்சையைப் பற்றி இருந்தது. நாளைக்கு ஜெயித்தாலும் தோற்றாலும் 'கிடங்கு எங்கேய்யா' என்று கேட்டு ஆசை தீரத் திட்டலாம். அரை மனதோடுதான் அழுத்தினேன். 'பீப்' என்ற சத்தம் மட்டும் முழுசாகக் கேட்டது.

பத்தாம் நாள் கோயிலில் அண்ணன் வந்து நின்றார், மதினியோடு, மாமன் சீர்த் தட்டுகளோடு. யாரும் சத்தியம் கேட்கவில்லை. எனக்குச் சந்தோஷத்தில் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. ஆனால் அண்ணனும் கணவரும் இன்னும் முகம் பார்த்துப் பேசவில்லை. மொட்டைத் தலையில் சந்தனம் பூசி மகளை அண்ணன் மடியில் உட்கார வைத்தோம். ஆசாரி இடது காதைக் குத்தினார். கோயிலே அதிர அழுதாள்.

அழுகைக்கு நடுவே அண்ணன் ஆசாரியிடம் பெருமையாகச் சொன்னார்: "எந்தங்கச்சி எங்களுக்குத்தான்யா போட்டுச்சு. எம் பழத்துல கழுவுன கையி."

கணவர் கோபுரத்தைப் பார்த்துச் சொன்னார்: "எங்க வீட்டு ஓட்டு எங்க வீட்ட விட்டுப் போகாது."

பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் 'பொய் சொல்லாது' என்று ஊர் முன்னால் அண்ணன் சொன்ன வார்த்தை விடவில்லை. இன்னும் ஒரு காது பாக்கி. சொன்னால் இந்த மடி எழுந்துவிடுமோ என்று பயமாகவும் இருந்தது. சொல்லிவிட்டேன், மூன்றாவது ஆளின் சின்னத்தை.

ஆசாரி ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு எங்களை மாறி மாறிப் பார்த்தார். அண்ணன் மெதுவாகத் தலையைத் திருப்பி, இரண்டு மாதத்தில் முதல் தடவையாகக் கணவர் முகத்தைப் பார்த்தார்.

"மாப்ள, கேட்டீகளா?"

"கேட்டேன் மச்சான்."

"மந்திரிச்ச பழம் மாப்ள!"

"ஒங்க தங்கச்சிதான மச்சான். நான் என்னத்தச் சொல்ல?" என்ற கணவர், கொஞ்சம் தயங்கி, "அன்னைக்கு நான் எழுதுனது தப்பு மச்சான்" என்றார்.

"அது கெடக்கு. மசமசன்னு நிக்காம பிள்ள காலப் புடிங்க, இன்னொரு காது பாக்கி" என்றார் அண்ணன்.