மோந்து பார்த்த மல்லிகை

முதியோர் வகுப்பில் எழுத்துக் கற்றபின் நானே எழுதும் முதல் பதிவு. சந்தோஷமாக இருக்கிறது. நல்ல சேதி எழுதத்தான் ஆசைப்பட்டேன்.

இன்று காலை தாடிக்கொம்பு கோயில் பக்கம் பூக்கட்டும் பேச்சியிடம் மல்லிகை கொண்டுபோனேன். பையைப் பிரித்தவள் ஒரு கை அள்ளி மோந்து பார்த்துவிட்டுத் திரும்பப் பையிலேயே போட்டாள்.

எனக்குத் திக்கென்றது. "ஏத்தா, சாமிக்குப் போற பூவ மோந்து பாப்பாகளா?"

"என்னய என்ன செய்யச் சொல்றீக பெரியப்பா? உங்க ஊருல சாக்கடைக் கழிவ உரமாக்குறாகல்ல, அந்த நாத்தம் அடிக்குதுன்னு நேத்து ஒருத்தர் உங்க பூவுல கட்டுன மாலையத் திருப்பிக் குடுத்துட்டாரு."

அந்த உரக்கிடங்கு எங்கள் கிணற்றை ஒட்டி இருக்கிறது. மழை பெய்தால் அங்கே தேங்குவது கிணற்றில் இறங்குகிறது. அந்தத் தண்ணீரைத்தான் பூவுக்குப் பாய்ச்சுகிறோம், வீட்டில் குடிக்கிறோம். நாங்கள் போய்ச் சொல்லாத அதிகாரி இல்லை.

"வாசமாத்தேன் இருக்கு பெரியப்பா" என்றாள். ஆனால் மோந்த பூவைச் சாமிக்குக் கட்ட மாட்டேன் என்று பையைத் திருப்பித் தந்துவிட்டாள்.

மோக்காமல் வாங்க மாட்டாள். மோந்தால் சாமிக்கு ஆகாது. நாளைக்கும் செடி பூக்கும், நான் எங்கே கொண்டுபோவேன்?

வழி தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள். எழுத்துக் கூட்டியாவது எல்லாவற்றையும் படித்துவிடுவேன்.