மூத்த மடை

யுத்தம் தொடங்கிய சமயம். குற்றாலத்தில் அந்த வருஷம் சாரல் பொய்த்துவிட்டது. தென்காசிக்குக் கிழக்கே எங்கள் சின்ன ஊருக்கும் மேலூருக்கும் ஒரே கால்வாய், ஊருக்கு ஒரு மடை. தண்ணீர் குறைந்தால், முதலில் கட்டிய மடைக்கே முதல் தண்ணீர் என்பது வழக்கம். எது முதலில் கட்டியது என்பதற்குக் காகிதம் இல்லை. தாசில்தார் கால்வாய்க்கரைக்கு வந்து விசாரிப்பதாக இருந்தது. தோற்றால் எங்கள் நாற்று கருகிவிடும்.

ஊர் ஆண்கள் கூடிச் சரித்திரம் பேசினார்கள். மடைக்கு நூறு வயது என்றார் ஒருவர். அடுத்தவர் இருநூறு என்றார்.

நான் மருத்துவச்சிப் பயிற்சி முடித்து ஓராண்டு ஆகியிருந்தது. வயது கேட்டால் பெண்கள் எண் சொல்லமாட்டார்கள். "குளம் ஒடஞ்ச வருசம்," "காலரா வந்தப்போ" என்பார்கள். அவற்றை நோட்டில் வரிசையாக எழுதிவைப்பேன். அதில் என் அத்தைக்கு நேரே, 'நம் மடை கட்டி முதன்முதலாகத் திறந்த அன்று பிறந்தவள்' என்று இருந்தது. ஆண்டுதோறும் மடை திறக்கையில் முதல் கைத் தண்ணீரை அள்ளுவது அவள்தான். மேலூர் மடைக்கும் அப்படி ஒருத்தி உண்டு. அவள் அத்தையின் சித்தி மகள்.

"அத்தையையும் கூட்டிட்டுப் போவோம், அண்ணாச்சி," என்றேன்.

"பொம்பளைய வச்சு என்னத்தச் சொல்ல?" என்று சிரித்தார்கள். நானே கூட்டிப்போனேன்.

எங்கள் ஆட்கள் இருநூறு வருஷம் என்றதும் தாசில்தார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மேலூர்க்காரர்கள் பெருமையாக அந்தச் சித்தி மகளை முன்னே நிறுத்தினார்கள். "எங்க மடை கட்டித் தெறந்த அன்னைக்குப் பொறந்தவ, எசமான்!"

அவள் கண்ணில் என் அத்தை பட்டாள். "ஏக்கா! ஒங்க ஊர் ஆளுவ எங்க தண்ணியப் புடுங்க வந்திருக்காவ, நீயும் கூட வந்திருக்கியோ?"

நான் ஒரு கேள்வி கேட்க அனுமதி வாங்கினேன். "என் அத்தை எங்க மடை திறந்த அன்னைக்குப் பொறந்தவங்கதானே?"

"ஆமா. ஊருக்கே தெரியுமே."

"நீங்க எதுக்கு அவங்கள அக்கான்னு கூப்பிடுதீங்க?"

"மூத்தவள வேற எப்படிக் கூப்பிட? எனக்கு மூணு வயசு மூப்புல்லா!"

மேலூர்க்காரர் ஒருவர் பல்லைக் கடித்தார். "ஏட்டி, வாய மூடு!"

"நான் எதுக்கு மூட? ஒனக்காக அக்காளத் தங்கச்சின்னு சொல்லவா?"

தாசில்தாரே சிரித்துவிட்டார். உத்தரவை அங்கேயே எழுதினார்.

மறுநாள் காலை எங்கள் மடைப்பலகையைத் தூக்கினோம். அத்தை முதல் கைத் தண்ணீரை அள்ளி என் தலையில் ஊற்றினாள். ஆண்கள் குலவையிடத் தெரியாமல் கைதட்டினார்கள். ஈரம் சொட்டச் சொட்ட நோட்டைத் திறந்து, அத்தையின் வரியில் சேர்த்தேன்: 'மேலூர் மடைக்கு மூன்று வருஷம் மூத்தவள்.'