சாவிக்காரர் திறக்க மறுத்த பூட்டு

மணி ஒன்றரை. மூன்று மணிக்கு மனைவிக்குத் தேர்வு. சாவிக்காரர் தன் கையாலேயே பூட்டி முடித்த கம்ப்யூட்டர் மேசைமேல் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. உட்கார்ந்ததோடு சரி. விசிறி சுழன்றது, விளக்கு எரிந்தது, வேலை மட்டும் நடக்கவில்லை. எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் அதே சாம்பல் நிறத் திரைதான் வந்து நின்றது. அதில் கட்டம் கட்டமாக ஆங்கில எழுத்து. ஒரு மூலையில் விசிறியின் வேகம், இன்னொரு மூலையில் எதனுடைய சூடோ. சாவிக்காரர் பேந்தப் பேந்த விழித்தார்.

இத்தனைக்கும் அந்தப் பக்கத்தில் அவரைத் தெரியாதவர்கள் குறைவு. மூன்று மாடிக் கட்டடம் ஒன்றின் படிக்கட்டுக்கு அடியில், நிமிர்ந்தால் தலை இடிக்கும் இடத்தில் அவர் கடை. சாவி வெட்டும் மெஷின், நாலைந்து அரம், ஆணிகளில் தொங்கும் பல் வெட்டாத வெறுஞ்சாவிகள், இருபத்தாறு வருடமாக ஒரே ஸ்டூல். கொள்கையும் ஒன்றே ஒன்றுதான்: யாருடைய பூட்டு என்று தெரியாமல் கை வைக்க மாட்டார். ஒருமுறை குளித்துவிட்டுத் துண்டோடு வெளியே வந்த மனிதர் ஒருவர், காற்றில் கதவு சாத்திக்கொண்டதால் வாசலில் நின்று, "என் வீடுதாங்க, சத்தியமா என் வீடுதாங்க" என்று கெஞ்சினார். எதிர்வீட்டுக்காரர் வந்து சாட்சி சொன்ன பிறகுதான் சாவிக்காரர் கம்பியையே வெளியில் எடுத்தார். துண்டுக்காரர் அதற்குப் பிறகு அவரோடு பேசுவதில்லை. அதுவும் நியாயம்தான்.

மனைவிக்கு ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் கண்ணாடிக் குழாய் கழுவும் வேலை. கழுவும் தொட்டியிலிருந்து ரத்தம் பரிசோதிக்கும் மேசை பத்தடி தூரம்கூட இருக்காது. ஆனால் அந்தப் பத்தடியைத் தாண்ட ஒரு சான்றிதழ் வேண்டும். அதற்கான கடைசித் தேர்வை மூன்று முறைதான் எழுதலாம் என்பது விதி. முதல் முறை ஏழு மதிப்பெண்ணில் போயிற்று. இரண்டாவது முறை போனதற்கு முழுக்க முழுக்க சாவிக்காரர்தான் காரணம். இன்று மூன்றாவது முறை.

அந்த இரண்டாவது முறை நடந்தது இப்படித்தான். விடிந்தும் விடியாததுமாக ஓர் அழைப்பு. யாரோ காருக்குள் சாவியை வைத்துப் பூட்டிவிட்டார்கள். தேர்வுக்குப் போகிறவள் இன்னும் கொஞ்ச நேரம் தூங்கட்டும் என்று சத்தம் போடாமல் கிளம்பியவர், கைப்பழக்கத்தில் வாசல் கதவை வெளியே பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டார். போனை வீட்டிலேயே விட்டுவிட்டார். அவள் ஜன்னல் வழியாகக் கத்தியதில் பக்கத்து வீட்டுக்காரர் சுத்தியலோடு ஓடி வந்தார். அடித்தார், அடித்தார், பூட்டு அசையவில்லை. சாவிக்காரரே பொறுக்கி எடுத்துப் போட்ட பூட்டு, எப்படி அசையும்? அவர் திரும்பி வந்தபோது தேர்வு தொடங்கி ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பதினாலு மாதமாகவும் சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று அவருக்கு இருந்தது.

இந்த முறை வீட்டிலிருந்தே எழுதலாம் என்றார்கள். பார்த்துக்கொண்டே இருந்த மாதிரி, ஐந்து நாளைக்கு முன்னால் பழைய கம்ப்யூட்டர் மண்டையைப் போட்டது. டிஸ்க் மட்டும் பிழைத்தது. தேர்வுக்கான புரோகிராமும் அவளுடைய பதிவும் அந்த டிஸ்க்கில் இருந்தன; வேறு கம்ப்யூட்டரில் எழுதுவதென்றால் ஒரு வாரம் முன்பே சொல்லியிருக்க வேண்டுமாம். "டிஸ்க் இருக்கில்ல? மத்ததை நானே பூட்டித் தர்றேன்" என்று சாவிக்காரர் வாயைக் கொடுத்தார். பூட்டுக்குள் இருக்கும் ஸ்பிரிங்கையும் பின்னையும் விடவா இது நுணுக்கமான வேலை என்று நினைப்பு. பூட்டியும் விட்டார். ஒரு ஸ்க்ரூ மிச்சமில்லை.

உதிரிப் பாகங்கள் விற்ற கடைக்காரப் பெண்ணுக்குப் போன் போட்டார்.

"அண்ணே, திரையில உங்க டிஸ்க் பேரு வருதா?"

"ஒரு இடத்துல வருது. இன்னொரு இடத்துல வரலைம்மா."

"அப்போ பூட் ஆர்டரை மாத்திப் பாருங்க."

சாவிக்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. காலையில்தான் மொத்த வியாபாரியிடம் இரண்டு டஜன் பூட்டுக்குச் சொல்லியிருந்தார்.

"அது உனக்கு எப்படிம்மா தெரியும்?"

"எது?"

"பூட்டு ஆர்டர் குடுத்தது. அதை எதுக்கு மாத்தணும்? நல்ல பித்தளைப் பூட்டும்மா."

அந்தப் பக்கம் சிரிப்பை அடக்கும் சத்தம் கேட்டது.

"அண்ணே, கம்ப்யூட்டருக்குள்ள இருக்கிற ஆர்டர். எதுலேருந்து ஆரம்பிக்கணும்னு ஒரு வரிசை இருக்கும்."

வரிசை புரிந்தது. கம்ப்யூட்டர் இயங்கத் தொடங்குவதற்கு 'பூட்' என்று பெயர் என அவருக்குத் தெரியாது; அதற்குள் பூட்டு எப்படி வந்தது என்பது புரியவில்லை. சொன்னதைச் செய்தார். டிஸ்க்கின் பெயரை மேலே கொண்டுவரலாம் என்றால் அந்த வரிசையில் டிஸ்க்கே இல்லை. இருந்ததை மேலும் கீழும் நகர்த்தினார். மறுபடி பார்த்தால் எல்லாம் பழைய இடத்தில் நின்றன.

"சேவ் பண்ணீங்களா அண்ணே?"

"பண்ணணுமா?"

"பத்தாவது எஃப் பட்டனை அமுக்கி, எஸ் குடுக்கணும். சரி, அது இருக்கட்டும். டிஸ்க் பழசுண்ணே, அதான் உள்ள இருக்கிற புது போர்டு அதைச் சேத்துக்க மாட்டேங்குது. பழைய டிஸ்க்கை ஏத்துக்கச் சொல்லி கீழே ஒரு வரி இருக்கும். அதை ஆன் பண்ணணும்னா மொதல்ல செக்யூர் பூட்டை எடுத்துடணும்."

தேடினார். இருந்தது. செக்யூர் என்ற ஆங்கில வார்த்தை அவருக்கு அத்துப்படி. அவர் கடைப் பலகையிலேயே அது இருக்கிறது. பாதுகாப்பு. ஆக, பாதுகாப்புப் பூட்டு.

"யாரும்மா போட்ட பூட்டு இது?"

"கம்பெனிக்காரங்க போட்டு அனுப்புறதுண்ணே."

"அவங்களைக் கேக்காம எப்படி எடுக்கிறது?"

"அண்ணே, இங்க ஆளுங்க நிக்கிறாங்க. பத்து நிமிஷத்துல கூப்பிடுறேன்."

போன் நின்றது. மணி இரண்டு இருபது. சாவிக்காரருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. திறந்தால் என்ன ஆகும்? உள்ளே இருப்பதெல்லாம் கொட்டிவிட்டால்? அவள் பதிவு அழிந்துவிட்டால்? வாழ்க்கையில் முதல் தடவையாக, சாவித் துவாரமே இல்லாத ஒரு பூட்டின் முன்னால் அவர் உட்கார்ந்திருந்தார்.

சமையலறையில் படித்துக்கொண்டிருந்த மனைவி குறிப்பு நோட்டோடு வந்து நின்றாள்.

"என்னங்க, ஆச்சா?"

"ஒரு பூட்டு குறுக்க நிக்குது. அதைத் திறக்கச் சொல்றா அந்தப் பொண்ணு. நம்ம பூட்டு இல்லையே, எப்படிக் கை வைக்கிறது? உள்ள இருக்கிறது போயிடுச்சுன்னா உன் பரீட்சை என்னாகும்? எனக்கு ஒண்ணுமே புரியலை."

அவள் திரையைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"போன தடவையும் பூட்டுதான்," என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. அவர் கையைப் பட்டன்களிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அவள் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இந்த கம்ப்யூட்டர் யாரோடது?"

"உன்னோடது."

"நல்லாத் தெரியுமா?"

"நான்தானே பூட்டினேன். உனக்காகத்தான் பூட்டினேன்."

"அப்போ நான் சொல்றேன், திறங்க."

சொந்தக்காரி சொல்லிவிட்டாள். இதற்கு மேல் சாட்சி எதற்கு? சாவிக்காரர் அந்த வரியில் நின்று பட்டனை அமுக்கினார். பூட்டு போயிற்று. ஒன்றும் வெடிக்கவில்லை. கீழே இருந்த வரியை அவள் படித்துச் சொல்ல, அதையும் ஆன் செய்தார். பத்தாவது எஃப். எஸ். திரை இருண்டது. அந்த இருட்டில் இரண்டு பேர் முகமும் தெரிந்தது. சாவிக்காரரின் முகம் பார்க்கச் சகிக்கவில்லை.

வெள்ளைப் புள்ளிகள் வட்டமாகச் சுற்ற ஆரம்பித்தன. புது உறுப்புகளை அடையாளம் கண்டுகொண்டிருப்பதாக ஒரு வாசகம் வந்தது. முப்பது சதவீதம். முப்பதிலேயே நின்றது. அவள் நோட்டைச் சுருட்டினாள், விரித்தாள். அறுபது. இரண்டு ஐம்பத்தொன்றுக்கு, பழைய கம்ப்யூட்டரில் அவள் வைத்திருந்த நீலப் பூப்படம் அப்படியே வந்து நின்றது. அவள் சிரித்தாள். சாவிக்காரருக்கு அழுகைதான் வந்தது. தூசி மேல் பழியைப் போட்டார்.

"அறையில யாரும் இருக்கக் கூடாதாம். கதவைப் பூட்டியிருக்கணுமாம்," என்றாள் அவள், திரையிலிருந்த விதியைப் படித்து.

அவர் எழுந்து வெளியே வந்தார். கை தானாக இடுப்பிலிருந்த சாவிக்கொத்துக்குப் போய், அந்த அறையின் சாவியைப் பிடித்தது. அப்போதுதான் கை எங்கே இருக்கிறது என்று அவருக்கே தெரிந்தது. நின்றார். வளையத்திலிருந்து அந்த ஒரு சாவியை மட்டும் கழற்றினார்; வளையம் இறுகியிருந்ததில் நகம் பிய்ந்தது. திரும்பிப் போய்க் கதவின் உள்பக்கத் துவாரத்தில் சாவியைச் செருகினார்.

"நீயே பூட்டிக்கோ," என்றார்.

அவள் கதவைச் சாத்தினாள். சாவி திரும்பும் சத்தம் கேட்டது. எண்ணெய் போட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே அவர் நடைத் தரையில் உட்கார்ந்தார். போன் அடித்தது.

"சாரிண்ணே, ஒரே கூட்டம். என்னாச்சு? பூட் ஆச்சா?"

"பூட்டியாச்சும்மா," என்றார் சாவிக்காரர், மெல்லிய குரலில். "உள்பக்கமா. சாவி அவகிட்டதான் இருக்கு."