கன்னத்தில் வைக்காத ஃபிளாஸ்க்

1. வெறும் பிளேட்டுகள்

இன்குபேட்டரைத் திறந்து பன்னிரண்டு பிளேட்டையும் வெளியே எடுத்து மேஜையில் பரப்பினேன். ஆனேக்கல் பக்கத்து ராகி வயல் மண் அது. தொழு உரம் போட்ட மண் என்பதால் ஒவ்வொரு பிளேட்டிலும் நூற்றுக்கு மேல் காலனி, அதாவது புள்ளி புள்ளியான கிருமிக் கூட்டம், வந்திருக்க வேண்டும். பூதக்கண்ணாடியில் பார்த்து, மைப்புள்ளி குத்தி எண்ணினால் பத்து, எட்டு, ஒன்றில் வெறும் மூன்று. 1950களின் கடைசி அது. பெங்களூரில் ஒரு மண் ஆய்வுக்கூடத்தில் நுண்ணுயிர்களை வளர்த்து எண்ணும் வேலைக்கு நான் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. புரொபேஷன் முடியவில்லை.

தப்பு எங்கே என்று எனக்கு அப்போதே தெரியும். மண்ணைத் தண்ணீரில் கரைத்து, லட்சத்தில் ஒரு பங்காகும்வரை நீர்க்க வைத்து, அதில் ஒரு மில்லியை பிபெட் என்கிற கண்ணாடிக் குழாயால் பிளேட்டில் விட்டு, கிருமி வளர்வதற்கான கூழான அகாரை உருக்கி மேலே ஊற்றுவோம். ஊற்றுமுன் ஃபிளாஸ்க்கைக் கன்னத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். கன்னம் தாங்கினால் கிருமியும் தாங்கும். ஆனால் பெங்களூர் டிசம்பர் குளிரில் கொஞ்சம் அதிகம் ஆறவிட்டாலும் அகார் ஃபிளாஸ்க்கிலேயே கட்டிதட்டிவிடும். அதற்கு முந்தின வாரம்தான் அப்படிக் கட்டியாக்கி ஏச்சு வாங்கியிருந்தேன். அந்தப் பயத்தில் கன்னத்துக்குக் கொண்டுபோகாமலே சுடச்சுட ஊற்றிவிட்டேன். மண்ணில் உயிரோடு இருந்ததையெல்லாம் நானே அவித்துவிட்டேன்.

2. டாக்டரின் முடிவு

எங்கள் பிரிவின் தலைவரை டாக்டர் என்போம். நல்ல மனுஷர், முன்கோபி. ஒரு பிளேட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

“இது மண்ணா, சுடுகாட்டுச் சாம்பலா? பிபெட்டுல ஆசிட் நின்னிருக்கு. யாருய்யா கழுவினது?”

கழுவியது மாணிக்கம். ஒக்கலிபுரத்திலிருந்து நடந்தே வருவார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், தினக்கூலி. வேலை நிரந்தரமாகும் பட்டியலில் அந்த மாதம்தான் அவர் பெயர் ஏறியிருந்தது.

மாணிக்கம் என்னிடம் ஓடிவந்தார். “ஆசிட்ல ஊறப்போட்டு ஏழு தண்ணில அலசறேன். நீதான் தெனம் பாத்துகினு இருக்கியே சார். ஒரு வார்த்த சொல்லு சார்.”

“பாக்கலாம், மாணிக்கம்” என்றேன்.

டாக்டர் அதே மண்ணைத் திரும்பப் போடச் சொன்னார். மாணிக்கம் முன்பு கழுவி வைத்த அதே டின்னில் மிச்சமிருந்த பிபெட்டுகளையே வேண்டுமென்று எடுத்தேன். இந்த முறை ஃபிளாஸ்க் கன்னம் தாங்குகிற அளவுக்கு ஆறும்வரை பொறுத்து ஊற்றினேன். காலனிகள் கொத்துக்கொத்தாக வந்தன. பிபெட்டில் குற்றமில்லை என்று சொல்லிவிடத்தான் பிளேட்டுகளைத் தூக்கிக்கொண்டு போனேன்.

டாக்டர் என்னை வாய் திறக்க விடவில்லை. “பாத்தியா? நாலு ஏச்சு ஏசினதும் ஒழுங்காக் கழுவியிருக்கான்” என்று சொல்லி, என் கண்ணெதிரேயே பட்டியலில் மாணிக்கத்தின் பெயரை அடித்தார். என் புரொபேஷன் போய்விடுமோ என்று பயந்து நின்றேன். கோழைத்தனம்தான், வேறு பெயர் கிடையாது.

3. பத்துத் தண்ணீர்

மாணிக்கம் தினக்கூலியாகவே தொடர்ந்தார். ஏழு தண்ணீர் பத்தாயிற்று. குளிர்காலத்தில் விரல்கள் வெடித்து ரத்தம் கசியும். துணி சுற்றிக்கொண்டு அலசுவார். இரண்டு வருஷம் கழித்து ஒருநாள் என் மேஜைக்கு வந்தார்.

“அன்னிக்கு ஏதோ நெனப்புல ஒரு தண்ணி கொறச்சலா உட்டுட்டேன் போல சார். உன் வேலையும் கெட்டுப்போச்சு. மனசுல வெச்சுக்காத சார்.”

அவரே நம்பிவிட்டார். அப்போது என் வேலை நிரந்தரமாகியிருந்தது, பயப்பட ஒன்றுமில்லை.

இப்போது லேபுக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். பிளேட் கெட்டால் காரணத்தை அன்றைக்கே நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். முதல் நாள் எழுத ஒரு வரி போதும். நாள் தள்ளினால் ஆயுசுக்கும் எழுத முடியாது.

மாணிக்கத்துக்கு நான் சொன்ன பதிலையும் எழுதிவிடுகிறேன். “பரவாயில்ல, போங்க. இனிமே பாத்துக் கழுவுங்க” என்றேன்.