எத்னா பார்த்தவர்கள்

அவித்த முட்டையைத் தின்று முடித்ததும் எத்னா டுக்னன் அதன் வெறும் ஓட்டைக் கவிழ்த்துவைத்து, கரண்டியால் அடியில் ஒரு குத்து குத்துவாள். உடைக்காமல் விட்டால் அவர்கள் அதைப் படகாக்கி ஏரியில் இறங்கிவிடுவார்களாம். அவர்கள் யாரென்று பெயர் சொல்லமாட்டாள். ஏரிக்கு அடியில் அந்த மாயக் குட்டி ஜனங்களுக்கு ஒரு ராஜ்யத்தையே கட்டி, பதினொரு புத்தகம் எழுதியவள், வாயால் மட்டும் "அந்த நல்லவங்க" என்பாள். அதையும் குரலைத் தாழ்த்தித்தான் சொல்வாள்.

பிறகு தட்டைத் தள்ளிவைத்துவிட்டுப் பென்சிலை எடுப்பாள். எங்கள் ஏரிக்கரை ஓட்டலில் ஜன்னலோர மேசை அவளுடையது. செத்துப்போன கணவனின் கம்பளிச் சட்டை, சேறு காயாத ரப்பர் பூட்ஸ், காதில் அசல் முத்து. மூன்றும் ஒரே உடம்பில் இருப்பது அவளுக்கு விநோதமாகத் தோன்றியதே இல்லை. இடது காது சரியாகக் கேட்காது. பிடிக்காதவர்கள் வந்தால் அந்தப் பக்கம்தான் உட்காரவைப்பாள்.

"டீ மேல எலி நடந்து போகணும் டிம்ப்னா. அவ்வளவு கெட்டியா இருக்கணும்" என்பாள். தினமும் சொல்வாள். தினமும் நான் அப்படித்தான் கொண்டுவருகிறேன்.

நாங்கள் ஒரே சந்து, ஒரே வகுப்பு. அவள் அப்பா பால்பண்ணை லாரி ஓட்டினார். என் அப்பா அந்த லாரியில் கேன்களை ஏற்றினார். பதினாலு வயதில் என் அம்மா படுத்த படுக்கையாகிவிட, நான் இந்தச் சமையலறைக்கு வந்தேன். அவள் கான்வென்ட் பஸ்ஸில் ஏறினாள். காலையில் நான் உருளைக்கிழங்குத் தோலை வாளியில் கொண்டுபோய்க் கொட்டும் நேரமும் பஸ் வரும் நேரமும் ஒன்று. ஜன்னல் வழியாகக் கை காட்டுவாள். காட்டாமல் போயிருந்தால் மன்னித்திருப்பேன்.

உடனே ஒன்றும் பெரிய ஆளாகிவிடவில்லை. மாட்டு வைத்தியரிடம் வேலைக்கு இருந்தாள். போன் எடுப்பது, மருந்துச் சீட்டு எழுதுவது, ஆள் இல்லாத நாளில் கன்றின் காலைப் பிடிப்பது. முதல் புத்தகத்தை அனுப்பினாள். 'பால் கறக்கிற பேய்களை யார் படிப்பார்கள்?' என்று டப்ளின் பதிப்பகத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்த ஒரு வாரம் நான் நன்றாகத் தூங்கினேன். பிறகு யாரோ சின்னப் பதிப்பாளர் போட்டார். ஜெர்மனிக்காரர்கள் வாங்கினார்கள். இப்போது அவர்கள் மழைச்சட்டை போட்டுக்கொண்டு வந்து, அவள் எழுதிய ராஜ்யத்துக்குப் போகும் வாசல் எந்தக் குன்றில் இருக்கிறது என்று என்னைக் கேட்கிறார்கள். சாக்கடைத் தண்ணீரைச் சுத்தம் செய்யும் இடத்துக்குப் பின்னால் உள்ள மேட்டைக் காட்டுகிறேன். முழங்கால் வரை சேற்றோடு சந்தோஷமாகத் திரும்பி வருகிறார்கள்.

எங்கள் ஊர் கில்மராவில் அவள் புத்தகத்தில் இல்லாத ஆளே கிடையாது. கறிக்கடை பாட்சி மூன்றாவது புத்தகத்தில் அரக்கன். வாசலில் பலகை எழுதி மாட்டியிருக்கிறான். தபால் நிலையத்துக் கன்செப்டாவை ஐந்தாவதில் தேரையாக்கிவிட்டாள்.

"தேரைன்னு சொல்லிச் சிரிக்காதே பாட்சி. அது பேசுற தேரை. உன் அரக்கன் வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசினானா?"

"பேச எங்க நேரம்? அவன் ஒரு கிராமத்தையே தின்னுக்கிட்டிருந்தான். உன் தேரை ரெண்டு பக்கத்துல செத்துப்போச்சு."

"மூணு பக்கம்!"

யாரை எடுத்துக்கொள்ளப்போகிறாள் என்பது முன்கூட்டியே தெரிந்துவிடும். எங்கள் ஊரில் ஒரு குழந்தையையோ கன்றையோ ஆசையாகப் பார்த்துவிட்டு, 'கடவுள் காப்பாத்தட்டும்' என்று சொல்லாமல் யாரும் நகரமாட்டார்கள். சொல்லாமல் போனால், பிறகு அதற்குக் காய்ச்சல் வந்தால்கூடப் பார்த்தவர் தலையில்தான் விடியும். எத்னா ஒருவரைப் புத்தகத்துக்காக உற்றுப் பார்த்தாலும் அப்படித்தான். பார்ப்பாள், பார்ப்பாள், கடைசியில் முணுமுணுப்பாள்: "கடவுள் காப்பாத்தட்டும்." சொல்லிவிட்டால் அடுத்த புத்தகத்தில் அந்த ஆள் உண்டு.

அதற்காகவே இங்கே வந்து டீ குடிப்பவர்கள் இருக்கிறார்கள். ஏழாவது புத்தகத்திலும் தனக்கு இடம் கிடைத்துவிட்டது என்று கன்செப்டா புதுத் தொப்பி வாங்கிப் போட்டுக்கொண்டு ஊரெல்லாம் சொன்னாள். எத்னா வாழ்த்தியது அவள் நாற்காலிக்கு அடியில் படுத்திருந்த பாட்சியின் நாயை. நாய் ஏழாவதிலும் இருந்தது, எட்டாவதிலும் இருந்தது.

எனக்கு அவளிடமிருந்து அந்த வார்த்தை கிடைத்ததே இல்லை.

இரண்டு வருஷத்துக்கு முன் குளிர்காலத்தில் வெந்நீர்க் குழாயைச் சரிசெய்ய ஸ்லைகோவிலிருந்து ஒருவன் வந்தான். தரையில் குப்புறப் படுத்து, குழாயைத் திட்டிக்கொண்டிருந்தான். டீ ஆறுவதற்குள் எத்னா அவனை வாழ்த்திவிட்டாள். அவன்தான் பதினொன்றாவதில் ஏரியின் ராஜா. நான் அந்தப் பக்கங்களைச் சமையலறையில் நின்றபடி படித்தேன். கிழங்கு அடிப்பிடித்துவிட்டது.

இந்த வசந்தத்தில், பன்னிரண்டாவதோடு நிறுத்திக்கொள்வதாக மதுக்கடையில் எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவிட்டாள். அதற்குப் பிறகு நான் செய்ததையெல்லாம் சொல்ல வெட்கமாக இருக்கிறது. முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டேன். பச்சைச் சட்டை போட்டேன். ஒருநாள் கோப்பைகளோடு தட்டை அவள் மேசைக்குப் பக்கத்தில் வேண்டுமென்றே கீழே போட்டேன்.

"கை பத்திரம்" என்றாள். பென்சில் நிற்கவில்லை.

நேற்றுக் காலை முட்டை ஓட்டைக் குத்திவிட்டு, வழக்கம்போல் உடனே பென்சிலை எடுக்காமல் ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னும் ஒரு அத்தியாயம்தான் டிம்ப்னா. அப்புறம் சாகுற வரைக்கும் தோட்டவேலை."

தேநீர்க் கூஜாவை மேசையில் வைத்தேன். அவளுக்குக் கேட்கிற காதுப் பக்கமாகப் போய் நின்றேன்.

"குழாய்க்காரன் ராஜா ஆயிட்டான். நாய்க்கு ரெண்டு புத்தகத்துல இடம். எனக்கு மட்டும் ஏன் இல்ல எத்னா?"

சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"உன்னை எழுதிப் பாக்கலன்னா நெனச்சே? ஒவ்வொரு தடவையும் பாத்தேன்டி. வரமாட்டேங்குறே."

"அவ்வளவு ஒண்ணுமில்லாதவளா நான்?"

"அது இல்ல. மத்தவங்க சாப்பாட்டைப் பாப்பாங்க, மழையைப் பாப்பாங்க. நான் சத்தமில்லாம வேணுங்கிறதைத் திருடிக்குவேன். உன் பக்கம் திரும்பினா, எனக்கு முன்னாடியே நீ என்னைப் பாத்துக்கிட்டு நிக்கிறே. அந்தக் காலத்துல வாளியோட நின்னு பஸ்ஸைப் பாப்பியே, அப்பவும் இதே பார்வைதான். நான் எதுக்குக் கை காட்டினேன்னு நெனச்சே? பயத்துல."

கூஜாவின் ஆவி எங்கள் இருவருக்கும் நடுவில் போய்க்கொண்டிருந்தது.

"இவ்வளவு வருஷமா பாத்து வச்சிருக்கியே, அதையெல்லாம் என்னடி பண்ணப்போறே?"

அவளைப் பார்த்தேன். முதல் தடவையாக, ஒளிக்காமல் பார்த்தேன். உதட்டோரத்தில் மஞ்சள் கரு ஒட்டியிருந்தது. மேல் பொத்தான் தவறான துளையில் மாட்டியிருந்தது. முத்துக் கம்மல் இழுத்து இழுத்துக் காதுத்துளை கீறலாக நீண்டிருந்தது. அவ்வளவு நேரம் ஒருவரைப் பார்த்தால் எங்கள் ஊரில் அந்த வார்த்தையைச் சொல்லியாக வேண்டும். அவளும் அதற்காகத்தான் காத்திருந்தாள். நான் சொல்லவில்லை; இன்னும் பார்த்து முடிக்கவில்லை.

எத்னா துணியை எடுத்து வாயைத் துடைத்தாள். பொத்தானைக் கழற்றிச் சரியான துளையில் போட்டாள். பிறகு முகத்தை ஜன்னல் வெளிச்சத்தின் பக்கம் கொஞ்சம் திருப்பி, மோவாயை உயர்த்தி, அசையாமல் உட்கார்ந்தாள்.